கண்ணில்லாத பறவை

பெரியவளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் கிடையாது. பழக்கடைக்காரரின் தராசில் சந்தேகம், மருந்துக்கடையில் கொடுக்கிற மாத்திரையில் சந்தேகம், கட்டின புருஷன் "சாப்பிட்டாச்சு" என்று சொன்னால் அதிலும் சந்தேகம். அந்த மனுஷர், உங்களையும் என்னையும் போல, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் போவோர் வருவோரைப் பார்த்து நின்றால் கூட, "யாரைப் பாக்குறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வரும். அந்த வீட்டில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் கொழுந்தனின் மனைவி. இவள் பெரியவள் என்றால் அவள் சின்னவள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டுக்கு வந்தால் ஏமாந்துதான் போக வேண்டும்.

வீட்டு மாடியில் எம்பிராய்டரி பட்டறை. இரண்டு தையல் மெஷின்கள், ஒரு கம்ப்யூட்டர், சுவர் நிறைய நூல் கண்டுகள். பெரியவள் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். அதற்கு எந்த நிறத்தில் நூல் போட வேண்டும் என்று சின்னவள் முடிவு பண்ணுவாள். கோடு ஒருத்தியுடையது, நிறம் ஒருத்தியுடையது. மெஷினை ஓட்டுபவர் ஊசிக்காரர். சட்டைக் காலரில் எப்போதும் ஊசி குத்தி வைத்திருப்பதால் அந்தப் பெயர். மெஷின் சத்தத்திலேயே இருந்து பழகியவர், வாயைத் திறந்தால் கொட்டாவிக்காகத்தான் இருக்கும்.

காலையில் மாடிப் பூட்டைத் திறப்பதற்கு முன் பெரியவள் அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். நூல் கண்டுகள் நேற்று வைத்த வரிசையில் இருக்கின்றனவா, ஜன்னல் கொக்கி விழுந்திருக்கிறதா, குப்பைக் கூடையில் கிழிக்காத காகிதம் ஏதாவது கிடக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் அறைக்குள் போவாள். அங்கே அவள் செய்யும் முதல் வேலை, வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புவது.

வாட்ச்மேன் என்றால் ஆள் இல்லை. கம்ப்யூட்டரோடு வந்த ஆன்டிவைரஸுக்கு அந்தப் பட்டறையில் வைத்த பெயர். அது விழித்திருந்தால் டிசைன் போடும் மென்பொருளை நிம்மதியாக வேலை செய்ய விடாது, ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டித் தொல்லை பண்ணும். அதனால் திரையின் மூலையில் இருக்கும் சின்னப் படத்தை அழுத்தி, "நிறுத்து" என்பதை அழுத்தி, "நிச்சயமாகவா?" என்று அது கேட்டதும் "ஆமாம்" என்பதையும் அழுத்திவிடுவாள். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால் மறுபடி வேலைக்கு வந்து நிற்கும். ரோஷம் கெட்ட வாட்ச்மேன். தினமும் துரத்தினாலும் தினமும் வரும்.

இந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். கறுப்புப் பையோடு வந்து, பெட்டியைத் தொடுவதற்கு முன்பே "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்பார். பட்டறை ஆரம்பித்த புதிதில் டிசைன் மென்பொருளின் விலையைக் கேட்டுப் பெரியவளுக்குத் தலை சுற்றிவிட்டது. மெஷின் வாங்குவதற்கே கழுத்தில் கிடந்ததெல்லாம் போயிருந்த நேரம். டாக்டர்தான் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

"இதுவும் அதேதான்க்கா. பூட்டை மட்டும் உடைச்சிருக்காங்க. திறக்கும்போது ஆன்டிவைரஸை மட்டும் நிறுத்திடுங்க, அது சும்மா குரைக்கும்."

சின்னவள் அப்போது நூல் கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இது திருட்டு இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"இதுல என்னடி திருட்டு? திருடினா, பறிகொடுத்தவன் வீட்டுல பொருள் இருக்காது. இது அவங்ககிட்ட அப்படியேதானே இருக்கு? நாம எடுத்ததால குறைஞ்சா போயிடுச்சு?"

"செஞ்சவங்களோட கூலி குறையுமேக்கா."

"ஆமா, உன் மாமன் மகன் உக்காந்து செஞ்சான் பாரு, அவன் கூலி குறையறதுக்கு" என்றாள் பெரியவள். டாக்டர் சிரித்தார். சின்னவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது, வியாபாரம் நன்றாக இருக்கும் மாதமாகப் பார்த்து, "இப்போ காசு கொடுத்து வாங்கிடலாமாக்கா?" என்று ஆரம்பிப்பாள். பெரியவள் எரிந்து விழுவாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கச் சின்னவளுக்கே பயமாகிவிட்டது.

பட்டறைக்குச் சோறு போட்டது துணிக்கடை முதலாளியம்மா. மெத்தை உறை, திரைச்சீலை, குழந்தைகள் கவுன் என்று அவர்கள் கடைக்கு வேண்டிய டிசைன் எல்லாம் இங்கேதான். ஒரே ஒரு நிபந்தனை. "எனக்குப் போடறது எனக்கு மட்டும்தான். வேற எங்கயும் நான் பார்க்கக் கூடாது." பெரியவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை.

ஒருநாள் அந்த முதலாளியம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, ஒரு மெத்தை உறையை மேஜை மேல் வீசினார்.

"இது என்ன?"

"நான் உங்களுக்குப் போட்ட கொடி டிசைன்மா."

"என் கடைக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே சந்தை வாசல்ல தார்ப்பாய் விரிச்சு வித்துட்டிருக்கான். எனக்கு மட்டும்னு சொன்னியே?"

பெரியவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். உறையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொடியோ பூவோ எது போட்டாலும், அதில் ஒரே ஒரு இலைக்கு மட்டும் தையலை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துவிடுவாள். நேராகப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்தால் மற்ற இலைகளெல்லாம் மினுங்கும்போது அது மட்டும் மங்கிக் கிடக்கும். அது அவள் கையெழுத்து. சந்தையில் வாங்கிய உறையிலும் அந்த இலை, அதே இடத்தில் மங்கிக் கிடந்தது.

யாரோ பார்த்துப் போட்ட காப்பியாக இருந்தால் இந்த இலை வந்திருக்காது. ஃபைலையே எடுத்திருக்கிறார்கள். ஃபைல் இந்த மாடியை விட்டு வெளியே போனது கிடையாது. அப்படியென்றால் திருடன் உள்ளே இருக்கிறான்.

"இன்னொரு தடவை இது மாதிரி நடந்தா நான் வேற பட்டறையைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா இறங்கிப் போனார்.

"என்னோடதை எடுத்து விக்கிறானே, அவன் விளங்குவானா! நான் கண்ணு நோக உக்காந்து போட்டது. உழைப்பைத் திருடறவன் உருப்படுவானா!" என்று அன்று முழுவதும் பெரியவள் சபித்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டத் திட்ட, பக்கத்தில் அந்தப் பூட்டு உடைத்த மென்பொருள் சமர்த்தாகத் திறந்து கிடந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. நம்முடையது போகும்போது வலிக்கிற வலி, அடுத்தவனுடையதை எடுக்கும்போது எங்கே ஞாபகத்துக்கு வருகிறது?

முதலில் சந்தேகம் ஊசிக்காரர் மேல் விழுந்தது. பேசாத ஆள், அதனாலேயே ஏதோ மறைக்கிறார் என்று நினைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரைக் கவனித்தாள். சாயங்காலம் வாசலில் நின்று பையைத் திறக்கச் சொன்னாள். டிபன் டப்பா, துண்டு, ஒரு கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடி. அவர் கோபப்படவில்லை. அடுத்த நாளிலிருந்து தானாகவே பையைத் திறந்து மேஜை மேல் வைத்துவிட்டு நின்றார். ஃபைல் இருக்கும் பென் டிரைவைக் கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்தார். கோபமே படாமல் இருக்கிறாரே என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் எந்தப் பக்கம் புரட்டினாலும் அவரிடம் பிடி கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். அந்த நினைப்பு முதலில் வந்தபோது பெரியவள் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். சின்னவளையா? தான் ஜுரத்தில் படுத்திருந்தபோது கண் மூடாமல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவளையா? ஆனால் சந்தேகத்துக்கு நன்றி விசுவாசமெல்லாம் தெரியாது. ஒருமுறை இடம் கொடுத்தால் பாயை விரித்துப் படுத்துவிடும். சின்னவள் செய்வதெல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. மொட்டை மாடிக்குப் போய் போனில் மெதுவாகப் பேசினாள். பெரியவள் வந்தால் "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"யாரு போன்ல?"

"தம்பிக்கா."

"தம்பிகிட்ட எதுக்குக் குசுகுசுன்னு பேசணும்?"

சின்னவள் என்னவோ சொல்ல வாயெடுத்து, பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா" என்று கீழே இறங்கிப் போனாள். ஒன்றுமில்லை என்பவர்களிடம்தான் எல்லாம் இருக்கும் என்பது பெரியவளின் அனுபவ பாடம்.

இதற்கு நடுவில் அடுத்த டிசைனும் சந்தைக்கு வந்துவிட்டது. இந்த முறை முதலாளியம்மா மாடி ஏறக்கூட இல்லை. போனில், "இதுதான் கடைசி. யாருன்னு கண்டுபிடிச்சு ஒழுங்கு பண்ணு, இல்லைன்னா விட்டுடு" என்றார்.

மறுநாள் காலை பெரியவள் நூல் வாங்க வெளியே போய்விட்டாள். சின்னவள்தான் பட்டறையைத் திறந்தாள். மத்தியானம் பெரியவள் திரும்பி வந்தபோது, சின்னவள் தோளில் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்க்கா."

"பையைத் திற."

சின்னவள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. ஊசிக்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் சின்னவளின் சிரிப்பு மெல்ல அடங்கியது. பையைத் திறந்து காட்டினாள். ஒன்றும் இல்லை.

"போனைக் கொடு."

"அக்கா, நானே உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்னு..."

பெரியவள் போனைப் பிடுங்கிவிட்டாள். படங்களைத் திறந்ததும் முதலில் வந்ததே அதுதான். கம்ப்யூட்டர் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தாள் சின்னவள். நடுவில் சிவப்பு ஓரம் போட்ட ஏதோ ஒரு பெட்டி. அதைச் சுற்றி, பெரியவள் முந்தின நாள்தான் போட்டு முடித்திருந்த புதுப் பூங்கொத்து டிசைன்.

"இது என்னடி?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு படிங்கக்கா, முதல்ல படிங்க..."

"என்னத்தைப் படிக்கறது? என் டிசைன் உன் போன்ல இருக்கு. இதைவிட என்ன வேணும்? திருடி!"

பெரியவள் அந்தப் படத்தை அழித்தாள். அழித்தவை போய்ச் சேரும் இடத்திலிருந்தும் தேடி எடுத்து அழித்தாள். அவ்வளவு தீர்மானம். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. சின்னவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "அந்த வார்த்தையை நீங்க சொல்லியிருக்க வேணாம்க்கா" என்று மட்டும் சொன்னாள். ஊசிக்காரர் காலரில் இருந்த ஊசியை எடுத்து மறுபடி அதே இடத்தில் குத்திக்கொண்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் கொழுந்தன் தனிக்குடித்தனம் போய்விட்டான். இரண்டு தெரு தள்ளி, ஒரு சலூனுக்கு மேலே சின்ன வீடு. பெரியவளின் புருஷன் தம்பியோடு பாத்திரங்களைச் சுமந்துகொண்டு போய் வைத்துவிட்டு வந்து, அன்று இரவு மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "திருட்டுக்குத் துணை போறீங்களா?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தூக்கம் வருது" என்று திரும்பிப் படுத்தார்.

பெரியவள் பாஸ்வேர்டை மாற்றினாள். கம்ப்யூட்டர் அறைக்குத் தனிப் பூட்டு போட்டாள். இணைய பாஸ்வேர்டையும் மாற்றலாமா என்று யோசித்து அதையும் மாற்றினாள். காலையில் பூட்டைத் திறந்து, உள்ளே போய், வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இனிமேல் யார் வருகிறார்கள் பார்ப்போம் என்றிருந்தது.

முதலாளியம்மாவுக்கு ஒரு பறவை டிசைன் வேண்டியிருந்தது. இலை விட்ட வளைந்த கிளையில் ஒரு பறவை. அந்த மாதிரி பறவை பெரியவள் இதுவரை போட்டதில்லை. இறகு இறகாக, தையல் தையலாக, கழுத்து வலிக்க உட்கார்ந்து போட்டாள். கண்ணை மட்டும் வைக்கவில்லை. எந்த உருவம் போட்டாலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பாள். வைத்துவிட்டால் அது முறைக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எதையும் மாற்ற மனசு வராது. நிறங்கள் முடிவான பிறகுதான் கண்.

நிறம்தான் முடிவாகவில்லை. நீலத்தை வைத்துப் பார்த்தாள், கல்லைப் போல இருந்தது. பச்சையை வைத்தாள், கிளையோடு ஒட்டிக்கொண்டது. சின்னவளாக இருந்தால் சுவரிலிருந்து ஒரு கண்டை உருவி, "இதைப் பாருங்கக்கா" என்று துணி மேல் வைத்துவிட்டுப் போயிருப்பாள். அதோடு வேலை முடிந்திருக்கும். பெரியவள் வாரக்கணக்கில் கண்டுகளை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கடைசியில் ஃபைலை அப்படியே மூடி வைத்துவிட்டு, வேறு ஏதாவது துணியைப் பார்த்தாலாவது யோசனை வரும் என்று சந்தைப் பக்கம் போனாள்.

சந்தை வாசலில் தார்ப்பாய் மேல் மெத்தை உறைகள் குவிந்து கிடந்தன. அதில் மேலாகக் கிடந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

வளைந்த கிளை. இறகு இறகாக ஒரு பறவை. கண்ணே இல்லாமல், ஆரஞ்சும் ஊதாவுமாகக் கண்றாவியான நிறத்தில், அது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில்லாதது எப்படிப் பார்க்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பார்த்தது.

"எடுத்துப் பாருங்க, பாத்தா காசில்ல" என்றான் கடைக்காரன்.

"இது... இதுக்குக் கண்ணு எங்க?"

"அப்படித்தான் வந்துச்சு. இப்போ இதுதான் ஸ்டைல் போல."

"எங்கிருந்து வந்துச்சு? யார் கொண்டுவந்து கொடுத்தா? ஒரு பொண்ணா? சிவப்பா, ஒல்லியா?"

"பொண்ணு யாரும் கொடுக்கலையேம்மா." அவன் போனை எடுத்துக் காட்டினான். "நெட்லதான். கட்டுக் கட்டா டிசைன் ஓசில கிடைக்குது. வாரா வாரம் புதுசு போடறான். உலகத்துல இருக்கற எல்லாப் பட்டறையோடதும் இருக்கும். எங்க ஆளுங்க எடுத்து மெஷின்ல ஓட்டிடுவாங்க."

அவன் விரலால் தள்ளத் தள்ள டிசைன்கள் ஓடிக்கொண்டே இருந்தன. யார் யாரோ போட்ட பூக்கள், குதிரைகள், கப்பல்கள். நடுவில் அவளுடைய கொடி. அவளுடைய பூங்கொத்து. அவள் எப்போதோ போட்டு, பிடிக்காமல் பாதியில் விட்ட ஒரு மீன் கூட இருந்தது. அதை அவள் யாருக்கும் காட்டியதே இல்லை.

"இதெல்லாம் வேற ஒருத்தங்க உக்காந்து போட்டதில்லையா?"

"யாரோடதோ என்னவோ. எடுத்தா குறைஞ்சா போயிடும்மா? அவங்ககிட்டயும் இருக்கத்தானே செய்யுது?"

பெரியவள் பேரம் கூடப் பேசாமல் அந்த உறையை வாங்கிக்கொண்டு நடந்தாள். பறவையை ஊசிக்காரர் பார்த்ததில்லை. முதலாளியம்மா பார்த்ததில்லை. சின்னவள் போன பிறகுதான் அதற்கு முதல் கோடே போட்டாள். அது இருந்தது ஒரே இடத்தில். அந்த இடத்துக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது அவள் இடுப்பில்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்தாள். வாட்ச்மேன் வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றது. அவள் கை பழக்கத்தில் மூலைக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். முதல்முறையாக, அதை விரட்டாமல் மென்பொருளைத் திறந்து, பறவையையும் திறந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு திரையின் நடுவில், பறவையின் மேலேயே, சிவப்பு ஓரம் போட்ட ஒரு பெட்டி வந்து நின்றது.

இந்தப் பெட்டியை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். எங்கே என்று தெரிந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசையப் படித்தாள். இந்த மென்பொருள் உங்கள் கோப்புகளை உங்களுக்குத் தெரியாமல் வெளியே அனுப்புகிறது என்று அதில் எழுதியிருந்தது. எத்தனையோ காலைகளில் வாட்ச்மேன் "நிச்சயமாகவா?" என்று கேட்டது, ஒவ்வொரு முறையும் அவள் "ஆமாம்" என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்திதான் நின்று அதைப் படித்தாள். காட்டவும் வந்தாள். அவளுடைய பையைத் திறக்கச் சொல்லி, போனைப் பிடுங்கி, அந்தப் படத்தைத் தேடித் தேடி அழித்து, திருடி என்று சொல்லி அனுப்பியாயிற்று.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"நீங்க வச்ச சாப்ட்வேர் என் டிசைனையெல்லாம் வெளிய அனுப்புதாம்."

"பூட்டை உடைச்சவன் சும்மாவா உடைப்பான்க்கா? அவனுக்கும் ஏதாவது வேணுமில்ல?"

"தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

"எனக்கென்னக்கா தெரியும்? எல்லாருக்கும் வைக்கிறேன், உங்களுக்கும் வச்சேன். கவலைப்படாதீங்க, நாளைக்கே வந்து அதை எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுத் தரேன். இதைவிடப் புதுசு."

பெரியவள் போனை வைத்தாள். அவரை என்ன சொல்லித் திட்டுவது? அவர் சொன்ன நியாயமும் அவள் சொன்ன நியாயமும் ஒன்றுதானே. கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க, நாளைக்கு வந்தா போதும்" என்றாள். ஊசிக்காரர் பையைத் திறந்து மேஜை மேல் வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வேணாம்ணே, மூடுங்க, தயவு செஞ்சு மூடுங்க" என்றாள்.

சலூன் மாடிப்படி குறுகலானது. சின்னவள் கதவைத் திறந்து, பார்த்து, ஒதுங்கி வழிவிட்டாள். ஒற்றை அறை, ஒரு ஜன்னல். சுவரில் ஓர் ஆணியில் அவளுடைய பை தொங்கியது. பெரியவள் உட்காரவில்லை. உறையை எடுத்து நீட்டினாள்.

சின்னவள் அதை விரித்து ஜன்னலில் சாய்த்துப் பார்த்தாள். தையல் திரும்பின இலையைக் கண்டுபிடித்தாள். "கண்ணு வைக்கறதுக்கு முன்னாடியே போயிடுச்சா?"

"நீ போனதுக்கு அப்புறம் போட்டது. யார்கிட்டயும் காட்டலை. அந்தச் சாப்ட்வேர்தான் அனுப்பியிருக்கு. நீ எடுத்த படத்துல இருந்த பெட்டியை இன்னிக்குத்தான் படிச்சேன்."

"தம்பிகிட்ட கேட்டுட்டுதான் இருந்தேன். ஓசியில வந்தது இப்படியெல்லாம் பண்ணும், வாட்ச்மேன் என்ன சொல்லுதுன்னு ஒருநாள் பாருன்னு அவன்தான் சொன்னான். உங்ககிட்ட அந்தப் பேச்சை எடுத்தா திட்டுவீங்கன்னுதான் மாடிக்குப் போய் பேசினேன். அன்னிக்கு அந்தப் படத்தை அவன்கிட்ட நேர்ல காட்டிட்டு, கையோட உங்களுக்கும் விளங்க வச்சிடலாம்னு கிளம்பினேன்."

"என்னை மன்னிச்சிடு." அவ்வளவு சுலபமாக அது வாயில் வரும் என்று பெரியவளே நினைக்கவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. "எடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்னு சொல்லிச் சொல்லியே இருந்தேன். இப்போ பாரு. நீ இல்லாம அந்தப் பறவைக்கு ஒரு நிறம் வைக்க முடியலடி என்னால. உன்னைத் திருடின்னு சொன்ன வாயை என்ன பண்றதுன்னு தெரியல. அந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டாச்சு. கடன் வாங்கியாவது கம்பெனிகிட்டயே முறையா வாங்கிடறேன். அதுவரைக்கும் பேப்பர்ல வரையறேன். நீ வந்துடு."

சின்னவள் அலமாரியிலிருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஆரஞ்சுப் பறவைக்கு ஒரு கண் வைத்தாள். நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "என்ன நிறம் இது, கண்றாவி" என்றாள். பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சின்னவளும் லேசாகச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

"சரி, வாங்க. இப்பவே வந்து ஒரு நிறம் வச்சுப் பார்ப்போம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்று எழுந்து, சின்னவள் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

பெரியவள் ஒன்றும் செய்யவில்லை. வாயைக்கூடத் திறக்கவில்லை. ஆனால் பை ஆணியிலிருந்து இறங்கியதும் அவள் கண் அதன் மேல் போய், அதன் வாயில், லேசாகத் திறந்திருந்த ஜிப்பில், ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான். உடனே எடுத்துவிட்டாள்.

சின்னவள் பார்த்துவிட்டாள்.

கோபப்படவில்லை. பையைத் தோளிலிருந்து கழற்றி, மறுபடி அதே ஆணியில் மாட்டினாள். மடித்து வைத்திருந்த உறையை எடுத்துப் பெரியவளின் கையில் கொடுத்தாள்.

"நீங்க போங்கக்கா. நான் இன்னொரு நாள் வரேன்."

"எப்போ?"

"தெரியலக்கா" என்றாள் சின்னவள். கதவைச் சாத்தாமல், பெரியவள் கடைசிப் படி இறங்கும்வரை மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.